பாதி ஜெபத்தில் எழுந்து போகிறவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவளும் உடனே போன் போட்டு, "அக்கா, மூணாவது வரியில நீங்க எழுதினது அப்படி நடக்கலையே" என்பாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள் நான். பெயரில்லாமலே இருக்கட்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். சூப்பர்வைசர்களுக்கு நீலக் கோட்டு. அவள் என் லைனின் கடைசியில், செக்கிங் மேசையில். தைத்து வரும் ஷூவின் மேல்பாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, விளக்கடியில் பிடித்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் பழுதை ஒரு பக்கமும் வைக்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் பார்த்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அவளைப் பார்த்தாக வேண்டும். ஒரே சபை. நான் பாடகர் குழுவில் முன்வரிசை, பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். அவள் எப்போதும் கடைசிப் பெஞ்சு, வாசலை ஒட்டி. குள்ளமான, ஒல்லியான உடம்பு. ஈரம் காயாத தலையை அள்ளி முடிந்திருப்பாள். இடது கையில் அவள் வீட்டுக்காரரின் பழைய வாட்ச் தொளதொளவென்று தொங்கும். கரகரத்த குரல். நடந்தால் செருப்பு சத்தம் அவளுக்கு முன்னால் போகும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக்கூட்டம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் கேசரியும் போண்டாவும் செய்து, தலையணை உறைகூட மாற்றி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு பாய் வீட்டம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் தோல் லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா வரை போகிற லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மூன்றும் பெண் குழந்தைகள், சின்னஞ்சிறிசுகள். இரண்டு வாரமாக அந்த அம்மாவுக்காக நாங்கள் ஜெபம் செய்துகொண்டிருந்தோம். ஜெபக் குறிப்பு நோட்டில் என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன்.

அன்று அவள் முறை. முழங்காலில் நின்று அந்தக் கரகர குரலில் தொடங்கினாள். "ஆண்டவரே, அந்த சகோதரி தனியா கஷ்டப்படுறாங்க. எழுந்து ஒரு வாய்த் தண்ணி மோந்து குடிக்க முடியாம படுத்திருக்காங்க. அவங்களுக்கு யாரையாச்சும் அனுப்பும். யாரையாச்சும்..."

அதோடு நின்றுவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம். அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் இருந்த இடம் காலி. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

ஆமென் சொல்ல ஆளில்லாமல் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் நானே ஆமென் சொல்லி போண்டாவை எடுத்து வந்தேன். கால் மணி நேரம் கழித்து வாசலில் செருப்பு சத்தம். உள்ளே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, "அக்கா, உங்க பெரிய குக்கரைக் குடுங்க. அவங்க வீட்டுக் குக்கர்ல வாஷர் போய்டுச்சு" என்றாள்.

"ஜெபத்தைப் பாதியில விட்டுட்டுப் போறியே, இன்னா பழக்கம் இது?"

"யாரையாச்சும் அனுப்புன்னு கேட்டேன். கேக்கும்போதே எனக்கே அசிங்கமா இருந்துச்சு. மூணு வீடு தள்ளிதானே இருக்காங்க? கேட்டுட்டு உட்கார்ந்துட்டே இருந்தா எப்படிக்கா?"

பன்னிரண்டு பேருக்கு முன்னால் இதைச் சொன்னாள். மூன்று வீடு தள்ளி இருப்பது நான். அவள் இருப்பது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். குக்கர் பத்து நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதற்குள் எங்கள் யாரையும் கேட்காமல் அவளே ஒரு பட்டியல் போட்டுவிட்டாள்; செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது? அந்தம்மாவுக்காக ஜெபம் பண்ணுகிறேன் என்று நோட்டில் எழுதி வைத்தவள் அல்லவா நான்.

இதுதான் அவள். ஜெபம் பண்ணும்போது ஏதாவது மனதில் பட்டால், அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவாள். முடித்துவிட்டுப் போகலாம், மதியம் போகலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் அவளுக்குக் கிடையாது. வாசலை ஒட்டிய பெஞ்சில் ஏன் உட்காருகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இவ்வளவு பக்தியுள்ளவள் சாதுவானவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாக்கு மிளகாய். கம்பெனி பஸ் டிரைவரில் இருந்து கேன்டீன்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. முதல் நாள் திட்டுவாள், மறுநாள் காலை ஜெபத்தில் அது மனதில் உறுத்தும், ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பாள். அவள் வாழ்க்கையில் பாதி நேரம் இதிலேயே போனது.

"சண்டை போடாம இருந்துட்டா மன்னிப்புக் கேக்கிற வேலையே இல்லையே" என்று ஒருநாள் சொன்னேன்.

"அது முடியலையேக்கா" என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஒரு திருவிருந்து ஞாயிறு. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்கிறார்கள். போதகர் அப்பத்தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வருகிறார். அவளுக்கு இன்னும் இரண்டு பேர்தான். சட்டென்று எழுந்தாள், திரும்பினாள், நடுவழியில் நடந்து வெளியே போய்விட்டாள். சபை முழுவதும் பார்த்தது. திருவிருந்தைத் தொடப் பயந்து ஓடுகிறாள் என்றால் என்ன செய்திருப்பாளோ என்று பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று ஆல்ட்டோ பாடுகிற அம்மா என் காதில் கேட்டார்.

விஷயம் ஒன்றுமில்லை. முந்தின நாள் பஸ் டிரைவரை நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டாளாம். அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் இருப்பார் என்று தெரியும். போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்திருக்கிறாள். அதற்குள் ஆராதனை முடிந்து, போதகர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்குத் திருவிருந்து?"

"எல்லாம் முடிஞ்சுதும்மா. அடுத்த மாசம் வா. இந்த நினைப்பெல்லாம் வீட்டுலயே வரக்கூடாதா?"

"வீட்டுல வேலை ஜாஸ்திங்கய்யா. இங்க வந்தாதான் ஒரு இடத்துல உட்கார்றேன்."

அவர் அங்கியைப் படக்கென்று மடித்துக்கொண்டு உள்ளே போனார். எரிச்சலில் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அடுத்தது அப்படியில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் சரக்கைப் பார்க்க வருகிற வாரம். என் லைனில் ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு முழுக்க, குதிகால் பக்கம் தையல் சரியாகப் பிடிக்கவில்லை. மெஷினில் கோளாறு. கவனித்தபோது பாதிக்கு மேல் தைத்தாகிவிட்டது. பிரித்துத் தைக்க நேரமில்லை. நான் செக்கிங் மேசைக்குப் போய், "ரொம்பப் பார்க்காத, விட்டுடு" என்றேன். அவளும் விட்டாள். எதிர்த்துப் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மணி அடிப்பதற்கு முன் நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். "சார், நேத்து அந்த லாட்டுல தப்பு இருக்குது. பார்த்துட்டே நான் விட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். நான் சொன்னதாகச் சொல்லவில்லை. ஆனால் லைன் யாருடையது? மேனேஜர் என்னை நடு ஹாலில் நிற்க வைத்து, நூறு பெண்கள் பார்க்கக் கேட்டார். "உங்க லைன்ல இன்னா நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? செக்கிங்ல இருக்கிற பொண்ணு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" லாட்டைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் எல்லோரும் கூடுதல் நேரம் வேலை செய்தார்கள். பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவள் அதைப் பொருட்படுத்தாமல் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து வேறொரு லாட்டில் அளவுச் சீட்டு மாறிப்போனது. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. அறிக்கை எழுத வேண்டியது நான். என்னவோ பேய் பிடித்த மாதிரி எழுதினேன்: செக்கிங்கில் கவனக்குறைவு. மேற்படி தொழிலாளி வேலை நேரத்தில் ஜெபம் செய்வதாகச் சொல்லி அடிக்கடி இடத்தை விட்டுப் போகிறார்.

பொய். சர்ச்சில் எழுந்து போவாள், என் வீட்டில் எழுந்து போவாள். கம்பெனியில் ஒருநாள், ஒரே ஒருநாள்கூட அவள் தன் இடத்தை விட்டுப் போனதில்லை. ஆனால் யாரும் நம்பிவிடக்கூடிய பொய். அவளைத் தெரிந்த எவருக்கும் அது நடந்திருக்கும் என்றுதான் தோன்றும். அதனால்தான் அதை எழுதினேன்.

மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது நானும் அந்த அறையில் இருந்தேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். "இதுல எழுதியிருக்கிறது நடக்கலையே" என்றாள். மேனேஜரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அவளை பேஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். தோலுக்கும் உள்துணிக்கும் பசை தடவி ஒட்டுகிற இடம். அந்தப் பசையின் நெடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் இருமல் பிடித்தது. பஸ்ஸில் அவள் இருமும்போது நான் ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் காலை பைபாஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். நேராக என்னிடம் வந்தாள். வந்துவிட்டாள், எல்லோர் முன்னாலும் கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வதென்று ஏற்கெனவே நூறு தடவை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தினமும் நீங்க பஸ்ல ஏறும்போது படியில தடுக்கி விழணும்னு நெனைச்சேன். மூணு மாசமா நெனைக்கிறேன். நேத்து நெஜமாவே உங்க கால் தடுக்கிச்சு. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்குத்தான்."

ஒத்திகை பார்த்த பதில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. "சரி, விடு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு முடித்திருப்பேன். தப்புச் செய்தவளிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறவளை என்னதான் செய்வது? அன்று முழுக்க லைனில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். திருவிருந்து ஞாயிறுகளில் அவள் பந்திக்கு வருவதில்லை. பாவ அறிக்கை முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள். முன்பு மாதிரி திரும்பி ஓடி வருவதும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, செருப்புகளுக்குப் பக்கத்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். சபையில் பேச்சு கிளம்பியது. ஏதோ பெரிய பாவம் என்றார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்காக ஜெபிக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, நோட்டில் அதையும் நானே எழுதினேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு திருவிருந்து ஞாயிறு. பாவ அறிக்கையைச் சபையாக எழுந்து நின்று சொல்கிறோம். நினைவு தெரிந்த நாளில் இருந்து சொல்லி வருகிற வார்த்தைகள். புத்தகம் பார்க்காமல், மதியக் குழம்புக்கு என்ன காய் என்று யோசித்துக்கொண்டே சொல்லி முடிக்க என்னால் முடியும். அன்று பாதியில் ஏதோ சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தேன். அவள் இருமிக்கொண்டே வெளியே போய்க்கொண்டிருந்தாள். இருமல் அடங்காமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு போனாள். எனக்கு வாய் நின்றுவிட்டது. சபை சொல்லிக்கொண்டே போனது. அந்த இருமல் நான் எழுதியது. அந்தக் காலி இடமும் நான் எழுதியது. அதை வைத்துக்கொண்டு நான் முன்வரிசையில் பாடகர் குழுவின் வெள்ளைப் புடவையில் நிற்கிறேன்.

அடுத்த பாட்டுக்கு ஆர்கன் தொடங்கியது. நான் முன்வரிசையில் இருந்து இறங்கி நடுவழியில் நடந்தேன். ஆர்கன் வாசிக்கிறவர் என்னைப் பார்த்து ஒரு சுரத்தைத் தவறவிட்டார். அவ்வளவு நீளமான நடுவழி அந்தச் சர்ச்சில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் சிமெண்டுப் பெஞ்சில் இருந்தாள். நான் நின்றபடியே, "அந்த மெமோவில..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, சொல்லாதீங்க" என்று கையைக் காட்டினாள்.

"ஏன்?"

"நீங்க மன்னிப்புக் கேட்டா, நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லணும். இன்னும் மன்னிக்கலைக்கா. சொன்னா பொய்யாய்டும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பாடகர் குழுவை விட்டு, சபை பார்க்க, வெள்ளைப் புடவையோடு ஓடி வந்திருக்கிறேன். இவள் இப்போது வேண்டாம் என்கிறாள்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாப்ல வந்து நீயே மன்னிப்புக் கேட்டியே?"

"அது நான் நெனைச்ச நெனைப்புக்கு. நீங்க செஞ்சது வேற. வேற எதை எழுதியிருந்தாலும் பரவால்லைக்கா. ஜெபத்தை வெச்சு எழுதிட்டீங்க." இருமினாள். "அதுக்கப்புறம் முழங்கால் போட்டா உங்க எழுத்துதான் முன்னாடி வந்து நிக்குது. தினமும் காலையில கேக்கிறேன், இவங்களை மன்னிக்கிற மனசைக் குடுன்னு. ஒம்பது மாசமாக் கேக்கிறேன். தர மாட்டேங்கிறார். அந்த மனசு இல்லாம உள்ள போய் எப்படிக்கா கை நீட்டுறது?"

உள்ளே பந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். சோப்ரானோ பாடுகிற பக்கம் என் ஒரு குரல் குறைந்தது எனக்குத் தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் நீளமான ஜெபம் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று என்னிடம் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, நான் பொய் எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன். இவளுக்கு இருமல் வந்துடுச்சு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறந்ததில் இருந்து சபையில் இருப்பவள், முதல்முறையாக ஜெபம் செய்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"ஆமென்" என்றாள் அவள், சத்தமாக.

பிறகு தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இல்லைக்கா. இன்னும் வரலை."

இப்படிப்பட்டவளோடு எப்படிக் காலம் தள்ளுவது, சொல்லுங்கள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம். தினமும் காலை பைபாஸ் முனையில் நான் அவளைப் பார்ப்பேன். அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவாள். இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி மறுநாளும் போய் நிற்பேன். இல்லை. எனக்கு ஒருபக்கம் ஆத்திரம், ஒருபக்கம் பயம். மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் இவள் மனசு இளகுமோ என்று யோசிப்பேன். பிறகு நீலக் கோட்டு நினைவுக்கு வரும். அவள் அதைக் கேட்கவே இல்லை என்பதால் தள்ளிப்போடவும் வசதியாக இருந்தது. ஆனால் ஒன்று: அந்த ஐந்து வாரமும் விடியற்காலையில் எழுந்து உட்கார ஆரம்பித்தேன். நீளமாக ஒன்றும் இல்லை. நான் பொய் எழுதினேன், அவளுக்கு அந்த மனசைக் கொடும், எனக்குத் தைரியத்தைக் கொடும். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனால் பாத்திரம் கழுவுவதுகூட வேறு மாதிரி இருந்தது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ஐந்தரை மணி இருக்கும். கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டினார்கள். யாரோ செத்துப்போய்ச் செய்தி வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் லுங்கியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். நான் வாயில் பிரஷ்ஷோடு பின்னால் போனேன். வாசலில் அவள். மூச்சு வாங்குகிறது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஓடியே வந்திருக்கிறாள். கையில் அரிசி களைந்த ஈரம் காயவில்லை.

"அக்கா, வந்துடுச்சு!"

"இன்னா வந்துடுச்சு?" என்று கேட்டது என் வீட்டுக்காரர்.

"அரிசி களைஞ்சுட்டு இருந்தேங்கண்ணா. அக்கா மூஞ்சி நெனைப்புக்கு வந்துச்சு. எப்பவும் கூடவே அந்தக் கோவம் வரும். இன்னைக்கு வரலை. நானே தேடிப் பார்த்தேன், அந்த மெமோவையெல்லாம் நெனைச்சுப் பார்த்தேன். காணோம். போய்டுச்சு." என் பக்கம் திரும்பினாள். "இப்ப கேளுங்கக்கா."

வாய் நிறைய நுரையோடு நிற்கிறேன். துப்பிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினால், "அதெல்லாம் அப்புறம், கேளுங்க" என்கிறாள். நுரையை விழுங்கிவிட்டுத்தான் கேட்டேன். "என்னை மன்னிச்சுடு."

"மன்னிச்சுட்டேன்" என்றாள். என் ஈரக் கன்னத்தை அவள் ஈரக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அடுப்புல உலை வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று வந்த வேகத்திலேயே போய்விட்டாள். செருப்பு சத்தம் தெருமுனை வரை கேட்டது.

என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்தபடி, "இதுக்கா இப்படிக் கதவைத் தட்டினா?" என்றார். நான் மேனேஜரிடம் போகவில்லை. ஒன்றையும் சரிசெய்யவில்லை. அவள் இன்னும் அந்த நெடியில்தான் நிற்கிறாள். இப்படி இருக்கும்போது மன்னிப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இனிமேல் எப்படித் தள்ளிப்போடுவது? ஏதாவது கேட்டிருந்தால் பேரம் பேசியிருப்பேன். ஒன்றும் கேட்காமல் என்னை மாட்டிவிட்டாள்.

அன்றைக்கே மேனேஜரிடம் போனேன். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த திங்கள் அவளைச் செக்கிங் மேசைக்கே மாற்றினார்கள். மெமோவை அவள் கோப்பில் இருந்து எடுத்தார்கள். இருமல் முழுதாகப் போக நாளானது. என் நீலக் கோட்டு போய், பழையபடி மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் கோட்டு திரும்ப வந்தது. அவள் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "அது நீங்க முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியதுதானேக்கா" என்றாள். பிறகு அவள் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் வேலை அமைந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். அங்கே எந்தச் சபை, எந்தப் போதகர் பொறுத்துக்கொண்டிருக்கிறாரோ. அவளை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

ஆனால் மேனேஜர் அறையில் நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் மணி அடிப்பதற்கு முன் போய் நின்றேன். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தேன். மெமோவில் நான் எழுதியது பொய் என்றேன். அந்த முதல் லாட்டை விடச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

"முடிஞ்சு போன விஷயம்மா. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"சொல்லணும் சார்."

"வேலை போனாலும் போய்டும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாம சொல்லுங்க. அந்தப் பொண்ணு வீட்டு ஆளுங்க யாராவது வந்து உங்களை மிரட்டினாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "அவ என்னை மன்னிச்சுட்டா."